வயிற்றை நிறுத்திவைப்பது எந்த நரம்பு?

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் மாமா காலை எட்டு மணிக்கு இரண்டு தோசை சாப்பிடுவார். மாலை ஆறு மணிக்கு வாந்தி எடுத்தால் அந்தத் தோசைத் துண்டுகள் அப்படியே வெளியே வரும். இருபது ஆண்டுகளாக அவருக்கு இனிப்பு நீர். போட்ட இன்சுலின் நேரத்துக்கு வேலை செய்துவிடும். உணவோ இரைப்பையை விட்டே நகர்ந்திருக்காது. சர்க்கரை சரிந்து, கை நடுங்கி, வியர்த்துக்கொட்டி உட்கார்ந்துவிடுவார். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை அலைபோலச் சுருங்கி, உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாக அரைத்துச் சிறுகுடலுக்குள் தள்ளுகிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு இந்த வேலையை ஊக்குவிக்கிறது; அதன் கட்டளையைத் தசைக்குச் சேர்ப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். தண்டுவடத்திலிருந்து வரும் பரிவு நரம்புகள் நோர்அட்ரினலினைச் சுரந்து வேலையை அடக்குகின்றன. வயிற்றில் நடப்பதை மேலே சொல்லியனுப்ப உணர்வு நரம்புகள் தனியாக இருக்கின்றன.

இத்தனை நரம்புகளில் எது வயிற்றை நிறுத்துகிறது? ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக வாயடைத்துப் பார்க்கிறார்கள். எலிக்கு ஃபீனால் சிவப்புச் சாயம் கலந்த கஞ்சியைப் புகட்டி, குறித்த நேரத்துக்குப் பின் இரைப்பையில் எவ்வளவு சாயம் மிஞ்சியிருக்கிறது என்று அளப்பார்கள். அட்ரோபின் கொடுத்தால் அசிட்டைல்கோலினின் பேச்சு எடுபடாது, கஞ்சி தேங்கும். குவானெத்திடின் நோர்அட்ரினலினைச் சுரக்கவிடாது. ஹெக்ஸாமெத்தோனியம் நரம்புமுடிச்சுகளிலேயே இரு தரப்புச் செய்திகளையும் மறித்துவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது நான்காவது மருந்து. நாசி கண்டார் கடையில் நாம் சிலி பாடி என்ற குட்டி மிளகாயைக் கடித்தவுடன் நாக்கைச் சுடுகிறதே, அந்தக் கேப்சைசின்தான். சிறிதளவு கொடுத்தால் உணர்வு நரம்பைத் தூண்டி எரியவைக்கும்; மிகுந்த அளவு அதே நரம்பைப் பல நாள் மரத்துப்போகச் செய்யும். வயிற்றைக் கீறி அறுவை செய்தால் எலிக்கும் மனிதருக்கும் குடலும் இரைப்பையும் சில காலம் அசைவற்றுக் கிடக்கும். கத்தி பட்ட அதிர்ச்சியில் தசை சோர்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் முன்கூட்டியே கேப்சைசினால் உணர்வு நரம்புகளை மரக்கச்செய்த எலிகளில் இந்தத் தேக்கம் குறைந்தது. பரிவு நரம்பை அடக்கிய எலிகளிலும் அப்படியே. ஆக, தசைக்கு வலு இருந்தது. காயத்தின் செய்தி தண்டுவடத்துக்கு ஏறி, அங்கிருந்து தடையுத்தரவாகத் திரும்பியிருக்கிறது.

மாமாவின் நிலை வேறு. பல ஆண்டுச் சர்க்கரை வேகஸ் போன்ற நரம்புகளையே அரித்துவிடுகிறது; அட்ரோபின் சில மணி நேரம் செய்வதை அது நிரந்தரமாகச் செய்கிறது. இதை உறுதிசெய்ய, மிகக் குறைந்த கதிரியக்கம் கலந்த முட்டையை உண்ணக் கொடுத்துப் படமெடுப்பார்கள். நான்கு மணி நேரம் கழித்தும் பத்து விழுக்காட்டுக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம்தான்.

சோதனைக்கு நாள் குறிக்கும்முன் மருத்துவர் மாமாவின் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்க வேறொரு கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அது. சிறுநீர்ப்பையில் அசிட்டைல்கோலினை மறிக்கும் அந்த மருந்து, இரைப்பையிலும் அதே வேலையைச் செய்யும்.