தோள் வலி: டாக்டர் கையைத் திருப்பிப் பார்ப்பது எதற்காக?

தோள் வலி என்று போனால் டாக்டர் கையைத் தூக்கச் சொல்கிறார், திருப்புகிறார், அங்கங்கே அழுத்திப் பார்க்கிறார். ஸ்கேன் எழுதவில்லையே என்று பலருக்கு மனக்குறை. ஆனால் பெரும்பாலான நேரம் வலியின் இடத்தைக் காட்டிக்கொடுப்பது அந்தச் சில நிமிடச் சோதனைதான். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவது எலும்பு மட்டுமே. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எம்.ஆர்.ஐ.யில் தெரியும், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் தோள் தசைநாணில் கிழிசல் தெரிகிறது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது.

சோதனைக்குப் பின்னால் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. அதை முறைப்படுத்தியவர் லண்டனில் பணியாற்றிய ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற மருத்துவர். முதலில் நோயாளியே கையை அசைக்கிறார். அப்புறம் அவர் கையைத் தளரவிட, டாக்டர் அசைக்கிறார். கடைசியாக நோயாளி தள்ள, மூட்டு அசையாதபடி டாக்டர் எதிர்த்துப் பிடிக்கிறார். இரண்டாவதில் தசைக்கு வேலை இல்லை. மூன்றாவதில் மூட்டு நகர்வதில்லை. டாக்டர் அசைக்கும்போது கை தாராளமாகப் போய், எதிர்த்துத் தள்ளும்போது மட்டும் வலித்தால் சந்தேகம் தசைநாண் மேல். டாக்டர் அசைத்தாலும் கை போகவில்லை என்றால் கோளாறு மூட்டில், அல்லது அதைச் சுற்றியுள்ள உறையில்.

தோளில் இந்தக் கணக்கு அழகாக வேலை செய்யும். பக்கவாட்டில் கையைத் தூக்கும்போது சுமார் 60 முதல் 120 டிகிரி வரை வலித்து, அதற்கு மேல் குறைந்தால், தோள்பட்டை எலும்பின் முனைக்குக் கீழே இருக்கும் தசைநாணோ அதன் மேலுள்ள திரவப் பையோ நோகிறது என்று ஊகிக்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பும்போது, டாக்டர் முயன்றும் பாதியில் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் உறைந்த தோள், அதாவது மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிப்போன நிலை. 40 முதல் 60 வயதில்தான் இது அதிகம்; சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். மூட்டுத் தேய்மானத்திலும் இப்படி நிற்கும் என்பதால் இங்கே எக்ஸ்ரே உதவும்.

டென்னிஸ் எல்போ என்ற தசைநாண் கோளாறில் வலி முழங்கையின் வெளிப்பக்கத்தில், சோதனையோ மணிக்கட்டில். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் அந்த முழங்கை எலும்பு முனையில்தான் தொடங்குகின்றன. அதனால் மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி டாக்டர் தடுத்தால், வலி முழங்கையில் சுள்ளென்று வரும். கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலிக்கு, கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிய கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கிறார்கள். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கும் என்பதால் இரண்டு கைகளையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

எந்த ஒற்றைச் சோதனையையும் முழுதாக நம்பக் கூடாது. கழுத்து நரம்பு அழுந்தினாலும் தோள் வலிக்கும், அதனால் நல்ல டாக்டர் கழுத்தையும் திருப்பிப் பார்ப்பார். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வளர்ந்துகொண்டே போகும் கட்டியையும், காரணமில்லாமல் குறையும் எடையையும் தள்ளிப்போடக் கூடாது. கீழே விழுந்தபின் கையைத் தானாகத் தூக்கவே முடியாமல், டாக்டர் தூக்கினால் மட்டும் போகிறதென்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். அப்போது ஸ்கேனைத் தாமதிக்கக் கூடாது. நாள் கடந்தால் அறுந்த முனை உள்வாங்கி, தைப்பது கடினமாகும்.