காரட்: தங்கத்தின் ‘மாற்று’

நகைக்கடைப் பலகையில் ‘22 கேரட்’ என்று எழுதியிருக்கும். பக்கத்துக் காய்கறிக் கடையிலும் கேரட் இருக்கும். எழுத்து ஒன்றானாலும் பொருள் வேறு என்பதால், தங்கத்தினுடையதை இங்கே ‘காரட்’ என்றே எழுதுகிறேன். பொரியலோடு குழம்ப வேண்டாம்.

காரட் பிறந்தது ஒரு விதையிலிருந்து. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் கரோப் மரத்தின் நெற்று கொம்பு போல வளைந்திருக்கும். அதனால் கிரேக்கர்கள் அதைக் ‘கெராத்தியோன்’ என்றார்கள், அதாவது குட்டிக் கொம்பு. அதன் விதை எடைக்கல்லாகப் பயன்பட்டது. அந்தச் சொல் அரபியில் ‘கீராத்’ ஆனது, இத்தாலியத்தில் ‘கராத்தோ’ ஆனது. கான்ஸ்டன்டைன் வெளியிட்ட ரோமானியப் பொற்காசான சாலிடஸின் எடை, இந்த விதைக் கணக்கில் 24. தங்கத்தை 24 பங்காகப் பார்ப்பதை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். விதையால் நிறுப்பதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை: 2 குன்றிமணி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு.

வைரத்துக்குச் சொல்லும் காரட் இன்றும் எடைதான். 1 காரட் 200 மில்லிகிராம். தங்கத்தின் காரட் எடை இல்லை, பங்கு. 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்போ வெள்ளியோ. நூற்றுக்கு 91.67 வரும். ஹால்மார்க்கில் ‘916’ என்று இருப்பது அதைத்தான். 18 காரட்டுக்கு ‘750’.

இந்தப் பங்குக்குத் தமிழில் பழைய சொல் உண்டு: மாற்று. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று நல்ல மனிதரைச் சொல்கிறோமே, அதே மாற்றுதான். பத்தரை என்பது கலப்பில்லாத தங்கத்தின் அளவு. ஆசாரி நகையை உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார். பக்கத்தில், மாற்றுத் தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டு ‘மாத்துக் கம்மி’ என்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் பொன்னுக்கு எடை, தரம் இரண்டும் உண்டு. எடை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால். தரத்துக்குத் ‘தண்டவாணி’ என்ற அளவு, அதற்கு இவ்வளவு குறைந்த பொன் என்று.

எடை, மாற்று இரண்டையும் தனித்தனியே பிடித்துக்கொண்டால் கலவைக் கணக்கு பிடிபட்டுவிடும். அத்தையிடம் 12 கிராமில் ஒரு 18 காரட் சங்கிலி இருக்கிறது. உருக்கி 22 காரட் வளையல் செய்ய வேண்டும். எவ்வளவு 24 காரட் தங்கம் சேர்க்க வேண்டும்? “கொஞ்சம் போட்டா சரியாப் போயிடும்” என்பார் அத்தை. ஆகாது. காரட்டைக் காரட்டோடு நேராகக் கூட்ட முடியாது. எடையால் பெருக்கிய பிறகுதான் கூட்டலாம். சேர்ப்பது ‘ப’ கிராம் என்று வையுங்கள்:

18 × 12 + 24 × ப = 22 × (12 + ப)

216 + 24ப = 264 + 22ப. ஆக 2ப = 48, ப = 24. பழைய சங்கிலியைப் போல இரண்டு மடங்கு! அத்தைக்கு மயக்கம் வராத குறை. சரிபார்க்க: 216 + 576 = 792; மொத்த எடை 36 கிராம்; 792 ÷ 36 = 22. சமன்பாடு இல்லாமலும் முடியும். 18-லிருந்து 22-க்குத் தூரம் 4, 24-லிருந்து 2. தூரத்தை மாற்றிப் போட்டால் 18 காரட்டில் 2 பங்கு, 24 காரட்டில் 4 பங்கு.

இப்படி எடையால் பெருக்கி, மொத்த எடையால் வகுப்பதைப் பாடநூல்கள் ‘நிறையிட்ட சராசரி’ என்கின்றன. நல்ல பெயர். ‘சராசரி’ பாரசீகத்திலிருந்து வந்த சொல், ‘நிறை’ நம்முடையது. தங்கக் கணக்கில் அந்த நிறை தராசில் நிற்கும் நிஜ நிறையாகவே இருப்பது இன்னும் பொருத்தம். 12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரர் ‘லீலாவதி’ என்ற தம் கணித நூலில் இதே விதியைப் பொன்னை வைத்தே சொல்கிறார். அவருக்கு மாற்றின் அளவு ‘வர்ணம்’, எடையின் அளவு ‘மாஷம்’; சுத்தப் பொன் 16 வர்ணம். 13, 12, 11, 10 வர்ணப் பொன் முறையே 10, 4, 2, 4 மாஷம் எடையில் இருக்கின்றன. உருக்கிச் சேர்த்தால்? 130 + 48 + 22 + 40 = 240; அதை 20-ஆல் வகுத்தால் 12 வர்ணம். எடையைப் பார்க்காமல் வெறும் சராசரி எடுத்திருந்தால் பதினொன்றரை என்று தப்பாக வந்திருக்கும்.

அப்புறம், காரட் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? தரம் என்ற பொருளில் ‘தூய்மை’, ‘சுத்தம்’ என்று தேட வேண்டியதில்லை, ‘மாற்று’ போதும். ஆனால் ‘22 மாற்று’ என்று எழுதிவிடக் கூடாது, அளவுகோல் வேறு. பத்தரையை முழுமையாக வைத்தால் 22 காரட்டுக்கு 10.5 × 22 ÷ 24 = 9.625 வரும். பழைய வாய்பாட்டில் சொன்னால் ஒன்பதரையே அரைக்கால் (அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று) மாற்று. கடைப் பலகையில் அதற்கு இடம் போதாது. எண்ணுக்குப் பக்கத்தில் காரட்டே இருந்துவிட்டுப் போகட்டும்.