எப்போது திறப்பது? நூறாண்டுக்கு முந்தைய கனரக இயந்திரத் துப்பாக்கிகளின் உள்வேலை

சாதாரண ரைஃபிள் வைத்திருந்த அந்தக் காலத்துச் சிப்பாய், ஒரு முறை சுட்டுவிட்டு அடுத்த முறை சுடுவதற்குள் கையால் எத்தனை வேலை செய்தான் என்று முதலில் பார்ப்போம். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் என்ற எஃகுத் தண்டின் பூட்டைத் திருப்பித் திறந்து பின்னால் இழுக்க வேண்டும், அப்போது சுட்டு முடிந்த பித்தளைக் கூடு வெளியே வந்து விழ வேண்டும், மறுபடி போல்ட்டை முன்னால் தள்ளும்போது புதுத் தோட்டா குழலின் பின்பக்க அறைக்குள் போக வேண்டும், பூட்டு இறுக வேண்டும், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியின் ஸ்பிரிங் விசையேறித் தயாராக நிற்க வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவன் நிமிடத்துக்கு 15 தடவை குறிபார்த்துச் சுடுவான். 1884 வாக்கில் ஹிராம் மாக்சிம் என்ற அமெரிக்கர் லண்டனில் உருவாக்கிய துப்பாக்கி இத்தனை வேலையையும் நிமிடத்துக்கு 600 தடவை தானாகவே செய்தது.

அதற்கு முன்னாலேயே வேகமாகச் சுடும் துப்பாக்கிகள் இருந்தன. 1862இல் காப்புரிமை பெற்ற காட்லிங் துப்பாக்கி எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அதில் ஒருவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாப் பாகங்களையும் நகர்த்துவது மனிதத் தசைதான். மாக்சிம் பார்த்தது வேறு ஒரு சக்தியை. ரைஃபிள் சுடும்போது தோளில் ஓர் உதை விழுகிறதே, அந்த உதை ஒவ்வொரு தடவையும் வீணாகப் போகிறது, அதைப் பிடித்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலைக்குக் கொடுத்துவிட்டால் போதும். கேட்க எளிமையாக இருக்கிறது. சிக்கல் முழுக்க ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: குழலின் பின்கதவை எந்த நொடியில் திறப்பது?

கொஞ்சம் கணக்குப் போட்டால் அந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று தெரியும். பிரிட்டிஷ் ராணுவம் 1912இல் ஏற்ற விக்கர்ஸ் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம், அது மாக்சிமின் நேரடி வாரிசு. முதல் உலகப்போரில் அது சுட்ட குண்டின் எடை ஏறக்குறைய 11.3 கிராம், வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 744 மீட்டர், குழலின் நீளம் 72 சென்டிமீட்டர். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒன்றரை மில்லிநொடிக்குப் பக்கத்தில்தான். அந்தச் சின்ன நேரத்துக்குள் உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல மூவாயிரம் மடங்குவரை ஏறி இறங்கிவிடுகிறது. தோட்டாவின் பித்தளைக் கூடு மிக மெல்லியது, அது அந்த அழுத்தத்தைத் தாங்குவதே சுற்றிலும் எஃகுச் சுவரும் பின்னால் இறுகிய கதவும் இருப்பதால்தான். குண்டு உள்ளே இருக்கும்போதே கதவு திறந்தால் கூடு கிழிந்து, சுடுகிறவர் முகத்திலேயே வாயு பாயும். நெடுநேரம் கழித்துத் திறந்தாலோ உதையின் வேகம் தீர்ந்துபோயிருக்கும், மற்ற வேலைகளுக்கு ஆற்றல் மிஞ்சாது.

மாக்சிம் கண்ட விடை: கதவையும் குழலையும் ஒன்றாகப் பூட்டி, இரண்டையும் சேர்த்தே பின்னால் நகர விடுவது. குண்டு முன்னால் போகும் உந்தமும் குழல் பின்னால் போகும் உந்தமும் சமம். குழலும் பூட்டும் சேர்ந்து குண்டைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு கனம் என்பதால், குண்டு 72 சென்டிமீட்டரைக் கடந்து வெளியேறும்போது குழல் பின்னால் வந்திருப்பது சில மில்லிமீட்டர்தான். அதுவரை பூட்டு இறுகியே இருக்கிறது. அதற்கப்புறமும் வேகம் இருப்பதால் குழல் தொடர்ந்து வருகிறது, மொத்தப் பயணம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அந்தப் பயணத்தின் பிற்பகுதியில், அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகு, பூட்டு திறக்கிறது. நேரத்தை அளக்க எந்தக் கருவியும் இல்லை, குழலின் எடையும் அது நகரும் தூரமும்தான் கடிகாரம்.

பூட்டு எப்படித் திறக்கிறது என்பதுதான் எனக்கு இந்த முழு இயந்திரத்திலும் மிகவும் பிடித்த பகுதி. உங்கள் முழங்காலை நேராக நீட்டி, பாதத்தைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். சுவர் எவ்வளவு தள்ளினாலும் நேராக நிற்கும் கால் மடங்காது. ஆனால் முழங்காலின் பின்பக்கம் யாராவது லேசாகத் தட்டினால் அந்த நொடியே மடங்கிவிடும். மாக்சிமின் பூட்டு இதேதான், இரண்டு எஃகுத் தண்டுகள் நடுவில் ஒரு மூட்டு. சுடும் நேரத்தில் மூட்டு நேர்கோட்டைத் துளி தாண்டி ஒரு தடுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆகவே வெடிப்பின் தள்ளல் அதை இன்னும் இறுக்கத்தான் செய்யும். குழல் பின்னால் வரும்போது, மூட்டின் அச்சில் பொருத்திய வளைந்த கைப்பிடி ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் உருளையில் மோதுகிறது. கைப்பிடி சுழல்கிறது, அச்சு திரும்புகிறது, மூட்டு மடங்குகிறது, கதவு குழலை விட்டுப் பிரிந்து பின்னால் பாய்கிறது. அச்சின் மறுமுனையில் ஒரு சின்னச் சங்கிலி சுற்றிக்கொண்டு, இடப்பக்கப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை இழுத்து வைக்கிறது. அந்த ஸ்பிரிங்தான் எல்லாவற்றையும் திரும்ப முன்னால் கொண்டுபோகும். மாக்சிமில் மூட்டு கீழ்ப்பக்கம் மடங்கியது. விக்கர்ஸில் அதைத் தலைகீழாக்கி மேல்பக்கம் மடங்கவிட்டார்கள், அதனால் உள்பாகங்களை அடக்கிய பெட்டியின் உயரம் குறைந்து எடையும் நன்றாகக் குறைந்தது.

கதவு என்று நான் சொல்வது வெறும் எஃகுக் கட்டி இல்லை. அதன் முகத்தில் மேலும் கீழும் வழுக்கும் ஒரு தகடு இருக்கிறது. சுடும்போது அந்தத் தகடு ஒரே சமயத்தில் இரண்டு தோட்டாக்களின் விளிம்பைப் பிடித்திருக்கும், மேலே, தோட்டாக்களைச் செருகிய துணிப் பெல்ட்டில் காத்திருக்கும் புதியது, கீழே குழலுக்குள் சுடப்பட்டது. பின்னால் போகும்போது இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிறகு தகடு கீழே இறங்குகிறது, இப்போது புதியது குழலுக்கு நேராகவும் காலிக்கூடு வெளியேறும் வழிக்கு நேராகவும் வந்துவிட்டன. முன்னால் பாயும்போது புதியது குழலுக்குள்ளும் காலிக்கூடு வெளியேயும் போகும், தகடு மறுபடி மேலேறி அடுத்த தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும். பெல்ட்டை ஒரு படி நகர்த்துவதும் குழலின் அதே முன்பின் அசைவில் இயங்கும் ஒரு நெம்புகோல்தான். ஓர் அசைவை இத்தனை கிளைகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று மோதாமல் வரிசைப்படுத்தியிருக்கிறார் பாருங்கள், அதுவும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில்.

மாக்சிமுக்குக் காலமும் உதவியது. பழைய கரும் வெடிமருந்து குழல் முழுக்கக் கரி அப்பிவிடும், கொஞ்ச நேரத்தில் எதிரே புகை தவிர ஒன்றும் தெரியாது. 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையற்ற வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். தானியங்கித் துப்பாக்கி நிஜமாகவே போர்க்களத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பிரான்சின் ஹாட்ச்கிஸ் துப்பாக்கியில் குழல் அசையவே அசையாது. குழலின் சுவரில், குண்டு வெளியேறும் வாயை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு சின்னத் துளை. குண்டு அந்தத் துளையைத் தாண்டிய பிறகுதான் வாயு அதன் வழியாக வந்து கீழே உள்ள உருளைக்குள் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். பிஸ்டன் கொஞ்ச தூரம் சும்மா ஓடிய பிறகே பூட்டைத் திறக்கும். இங்கே துளையின் இடமும் அந்த வெறும் ஓட்டமும்தான் கடிகாரம். இதே பிரான்சு அதற்கு முன் செந்த் எத்தியேன் என்ற துப்பாக்கியை 1907இல் ராணுவத்துக்கு எடுத்தது. அதன் மீள் ஸ்பிரிங் குழலின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, தொடர்ந்து சுட்டால் ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்துவிடும். போர் நடுவிலேயே ஹாட்ச்கிஸ் அதன் இடத்தைப் பிடித்தது.

ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டின் ஷ்வார்ட்ஸ்லோஸே துப்பாக்கி இன்னும் துணிச்சலானது, அதில் பூட்டே கிடையாது. கதவை மிகக் கனமாகச் செய்து, வலுவான ஸ்பிரிங் வைத்து, அசைவின் தொடக்கத்தில் மிகக் கடினமாக மடங்கும்படி ஒரு மூட்டையும் சேர்த்தார்கள். கதவு நகரத் தொடங்குவதற்குள் குண்டு வெளியே போய்விட வேண்டும் என்பதால் குழலை 53 சென்டிமீட்டருக்குக் குறைத்தார்கள். அப்படியும் அழுத்தம் முழுக்க இறங்குமுன் கூடு லேசாக அசையத் தொடங்கும், சுவரில் ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும். ஆகவே 1907 மாடலில் ஒரு குட்டி எண்ணெய்ப் பம்ப் ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணெய் தடவி உள்ளே அனுப்பியது! பாகங்கள் குறைவு, செலவும் குறைவு. ஆனால் புழுதி நிறைந்த இடத்தில் எண்ணெய் பூசிய தோட்டா என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் மாக்சிமைப் போலவே உதையைத்தான் பயன்படுத்தினார், ஆனால் முழங்கால் மூட்டுக்குப் பதிலாக மேலும் கீழும் நகரும் ஒரு எஃகுக் கட்டையால் பூட்டினார். அதோடு ஒரு வளைந்த நெம்புகோலைச் சேர்த்தார். குழல் பின்னால் வந்து நிற்கும்போது அதன் வேகத்தை இந்த நெம்புகோல் போல்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும், கனமான குழல் நிற்க, லேசான போல்ட் இன்னும் வேகமாகப் பின்னால் பறக்கும். 1917இல் அமெரிக்க ராணுவம் ஏற்றது இந்தத் துப்பாக்கியைத்தான்.

கதவுப் பிரச்சினை தீர்ந்ததும் அடுத்து வருவது சூடு, கனரகத் துப்பாக்கி கனமாக இருந்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். பலர் நினைப்பதுபோல இவை பெரிய குண்டைச் சுடவில்லை, பெரும்பாலும் ரைஃபிள் சுட்ட அதே தோட்டாதான். கனமெல்லாம் தண்ணீர், முக்காலி, தோட்டாப் பெட்டிகள். விக்கர்ஸின் முக்காலி மட்டுமே 20 கிலோவுக்கு மேல்.

விக்கர்ஸின் குழலைச் சுற்றி ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் நிற்கும் ஜாக்கெட் உண்டு. சுமார் 600 தோட்டா சுட்டதும் அந்தத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும், அப்புறம் ஆயிரம் தோட்டாவுக்கு 0.85 லிட்டர் அளவில் ஆவியாகும். இந்த இரண்டு எண்களையும் வைத்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். 4 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 1,340 கிலோஜூல் வேண்டும், 600ஆல் வகுத்தால் தோட்டாவுக்கு 2.2 கிலோஜூல். 0.85 லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 1,900 கிலோஜூல், ஆயிரத்தால் வகுத்தால் 1.9. இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே விடை! குண்டு கொண்டுபோகும் ஆற்றல் 3.1 கிலோஜூல், அதன் பாதிக்கும் மேற்பட்ட அளவு ஆற்றல் தனியாக ஒவ்வொரு தடவையும் குழலைச் சூடாக்கியிருக்கிறது. தண்ணீரின் பெருமை கொதித்த பிறகுதான் தெரிகிறது: ஒரு கிலோ தண்ணீரை அறைவெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோவதைவிட, கொதிநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பம் வேண்டும், அந்த நேரமெல்லாம் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது.

ஆனால் ஆவி வெள்ளையாக மேலே எழுந்தால் துப்பாக்கி இருக்குமிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒரு ரப்பர்க் குழாய் வழியாக ஆவியைத் தண்ணீர் உள்ள டின்னுக்குள் விட்டார்கள், அங்கே அது குளிர்ந்து தண்ணீராகும், அதையே திரும்ப ஜாக்கெட்டில் ஊற்றலாம். குழல் அசைகிறது, ஜாக்கெட் அசைவதில்லை, நடுவில் தண்ணீர் கசியாமல் இருக்க எண்ணெயில் தோய்த்த கல்நார்க் கயிற்றைச் சுற்றி அடைத்தார்கள். குளிர்காலத்தில் உறையாமலிருக்க கிளிசரின் கலந்தார்கள். ரஷ்யாவின் மாக்சிமில் பிற்காலத்தில் ஜாக்கெட்டின் மேல் அகலமான மூடி வைத்தார்கள், பனியை அள்ளி அப்படியே போடுவதற்காக. ஹாட்ச்கிஸோ தண்ணீரே வேண்டாம் என்று தடித்த குழலும் பெரிய உலோக வளையங்களுமாகக் காற்றை நம்பியது. சுடுவதை நிறுத்தும்போது அதன் போல்ட் பின்னாலேயே நிற்கும், ஆகவே சூடான குழலுக்குள் தோட்டா தங்கித் தானாக வெடிக்கும் ஆபத்து குறைவு. விக்கர்ஸில் தோட்டா குழலுக்குள்ளேயே காத்திருக்கும், தண்ணீர் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

இப்படித் தொடர்ந்து சுட முடிந்ததன் விலையை மனிதர்கள் கொடுத்தார்கள். 1898இல் சூடானின் ஓம்துர்மானில், பீரங்கிகளும் மாக்சிம்களும் இருந்த பிரிட்டிஷ்-எகிப்தியப் படையில் ஐம்பதுக்கும் குறைவானவர்கள் இறக்க, எதிரே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 1916 ஜூலை 1ஆம் தேதி சோம் நதிப் போரில் ஜெர்மானியர்கள் வைத்திருந்ததும் மாக்சிமின் வடிவம்தான், எம்ஜி 08. அந்த ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். அத்தனை பேரையும் இயந்திரத் துப்பாக்கி கொல்லவில்லை, பீரங்கிகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் திறந்த வெளியில் நடந்து வந்த வரிசைகளுக்கு எதிரே, நிற்காமல் சுடக்கூடிய இயந்திரம் இருந்தது என்பதை மறைத்துவிட்டு இதன் பொறியியலை மட்டும் பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிற்காமல் என்று சொன்னாலும் நின்றது, அடிக்கடி நின்றது. 250 தோட்டா கொண்ட துணிப் பெல்ட் மழையில் நனைந்தால் ஊதி, தோட்டாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் காய்ந்தாலோ கல்நார் அடைப்பு இறுகினாலோ குழல் முழுத் தூரமும் வராது. அதனால்தான் விக்கர்ஸ் குழலின் வாயில் ஒரு மூடியைப் பொருத்தி, வெளியேறும் வாயுவில் கொஞ்சத்தைத் தடுத்து, குழலைப் பின்னால் தள்ள வைத்தார்கள். துப்பாக்கி நின்றுவிட்டால் சுடுகிறவர் முதலில் பார்ப்பது வலப்பக்கக் கைப்பிடியை. அது நான்கு நிலைகளில் எதில் நிற்கிறது என்பதைப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். முழுக்க முன்னால் படுத்திருந்தால் பூட்டு சரியாக மூடியிருக்கிறது, ஆனால் வெடிக்கவில்லை, அப்படியென்றால் தோட்டா சரியில்லை அல்லது ஊசி உடைந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

குழலும் தேயும். ஏறக்குறைய பத்தாயிரம் தோட்டாவுக்கு ஒரு குழல் என்று கணக்கு வைத்து, பழகிய குழு இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடும். 1930களில் ஜெர்மனி, குழலை நொடிக்கணக்கில் கழற்றி மாட்டும்படி எம்ஜி 34ஐச் செய்தபோது தண்ணீரின் தேவையே போய்விட்டது, ஒருவரே தூக்கி ஓடலாம். விக்கர்ஸ் 1968வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தது. பிரவுனிங்கின் அமைப்பையே பெரிதாக்கிச் செய்த அரை அங்குல எம்2 துப்பாக்கி, அதே உதையும் அதே வளைந்த நெம்புகோலுமாக, இன்றும் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது.