முட்டை அட்டை ஒட்டும் முன் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்

ராமநாதபுரம் கரையில், மண்டபம் ஊருக்குப் பக்கத்தில், பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோவாக மாற்றிய ஒரு வீட்டு மாடி அறை. பத்துக்குப் பத்து. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் முட்டை அட்டை, அதற்கு மேல் கறுப்பு ஃபோம். ஜன்னலை ஹாலோபிளாக் வைத்து அடைத்துவிட்டார்கள். மூலையில் இன்வெர்ட்டர் பேட்டரி. கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கில் எர்த்துக்கான பெரிய முள்ளைக் காணோம். கேட்டால், "ம்ம்ம்னு இரைச்சல் வந்துச்சுண்ணே, அந்த முள்ளை உடைச்சா போயிரும்னாங்க" என்கிறார் அறையை வைத்திருக்கும் தம்பி. இரைச்சல் போய்விட்டது உண்மைதான். கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நின்ற அவருடைய நண்பனை மின்சாரம் தூக்கி அடித்திருக்கிறது. கையில் இருந்த கிட்டார் தெறித்து விழுந்ததால் பிழைத்தான். அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

இதே அறையைத் தொண்டியிலும் பார்த்தேன், கீழக்கரையிலும் பார்த்தேன், தங்கச்சிமடத்திலும் பார்த்தேன். இனியும் சும்மா இருந்தால் அது என் தொழிலுக்கு அழகில்லை.

வீட்டில் ஸ்டூடியோ வைக்கும் ஆசைக்கு நான் எதிரி இல்லை. மாதா கோயில் பாட்டு, தர்கா பாட்டு, குலசாமிப் பாட்டு என்று நம் கரையில் பாடுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைத் தாத்தாக்கள் இருக்கும்போதே பதிவு செய்து வைக்க வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மதுரைக்கோ சென்னைக்கோ போய் மணிக்கணக்கில் வாடகை கொடுக்க எல்லோராலும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: வீட்டிலேயே வையுங்கள், ஆனால் உயிரோடு வையுங்கள்.

முதலில் இந்த முட்டை அட்டை. இதை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ, எத்தனை பேர் காசும் உழைப்பும் சுவரில் ஒட்டிப் போயிருக்கின்றன! சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது.

தடுப்பதற்குக் கனம் வேண்டும். செங்கல், கான்கிரீட், கனமான மரக்கதவு, இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி. சுவரின் கனத்தை இரண்டு மடங்காக்கினால்கூடக் கூடுதலாகத் தடுபடுவது சுமார் 6 டெசிபல்தான். ஒரு முட்டை அட்டையைக் கையில் தூக்கிப் பாருங்கள், அதில் என்ன கனம் இருக்கிறது? கொசுவலையைக் கட்டிக் கச்சான் காற்றைத் தடுக்கப் பார்ப்பது மாதிரி இது. நம்பிக்கை வரவில்லை என்றால் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டு, அதைச் சுற்றி முட்டை அட்டைகளை அடுக்கி மூடிப் பாருங்கள். பாட்டு ஒரு வரி விடாமல் கேட்கும்.

"இல்லண்ணே, கை தட்டினா முந்தி டங்குன்னு கேட்டுச்சு, இப்ப கேக்கல" என்பார்கள். சரி, கொஞ்சம் குறைந்திருக்கும். குறைந்தது மேல் ஓசை மட்டும்தான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். தவிலின் தொப்பி, பாஸ் கிட்டார், கனத்த ஆண் குரலின் அடிப்பகுதி எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. இரண்டு அங்குல மேடுபள்ளத்தை அந்த ஒலி கண்டுகொள்ளவே கொள்ளாது. கூர்மையான ஓசை செத்துவிடுகிறது, அடி ஓசை மட்டும் அறைக்குள் உருண்டுகொண்டே இருக்கிறது. தொட்டிக்குள் இருந்து பாடுவதுபோல் ஏன் கேட்கிறது என்று கேட்கிறீர்களே, இதனால்தான். உயரமும் பத்தடியாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே சுருதியில் முழங்கும். அதை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது நிற்கவில்லை, பாட்டும் நன்றாக வரவில்லை. அப்புறம் எதற்கு அந்த அட்டை?

நம் பக்கத்துச் சுவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. உவர் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளில் மழைக்காலம் வந்தால் சுவர் உப்புப் பூத்துப் பெயின்ட் உரியும். அந்தச் சுவரில் அட்டையை ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஒரு வீட்டில் ஓர் அட்டையைப் பிரித்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், நடுவில் கரையான் மண். அந்த அறையில் ஒரு மணி நேரம் பாடினால் தொண்டை கட்டுகிறது என்று அந்தப் பெண் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பூஞ்சணத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், நெருப்பு அப்படி இல்லை. முட்டை அட்டை வெறும் காகிதக்கூழ். மெத்தைக் கடை ஃபோம் அதைவிட ஆபத்து. கிள்ளிய ஒரு துண்டை வெட்டவெளியில் வைத்துக் கொளுத்திக் காட்டியிருக்கிறேன். குபுக்கென்று பிடித்து, உருகி, எரிந்துகொண்டே கறுப்பாகச் சொட்டும். அறைக்குள் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். தீ உங்களைத் தொடுவதற்கு முன்னால் புகை முடித்துவிடும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2003இல் ஓர் இரவு விடுதியில் 100 பேர் இறந்தார்கள். பிரேசிலின் சாண்டா மரியாவில் 2013இல் 242 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் வாணவேடிக்கைப் பொறி பட்டு எரிந்தது ஒலிக்காக ஒட்டிய ஃபோம்தான். நம் வீட்டு அறைக்கு வாணவேடிக்கைகூட வேண்டாம், உப்பு அரித்த ஒரு பிளக் பாயின்ட்டில் லூஸ் கனெக்‌ஷன் இருந்தால் போதும்.

ஜன்னலை அடைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். காற்றுப் போக வழியில்லாத அறைக்குள் இன்வெர்ட்டர் பேட்டரியை வைக்கவே கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வரும். கரன்ட் போனால் சின்ன ஜெனரேட்டரைப் படிக்கட்டுக்குக் கீழே ஓட்டுவதும் வேண்டாம்.

இப்போது எர்த். "எங்க வீட்ல எர்த் இருக்குண்ணே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். குழி இருக்கிறது, பைப்பும் இருக்கிறது. உப்பும் ஈரமும் உள்ள மண்ணில் எர்த் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதே உப்பு ஜிஐ பைப்பையும் கம்பியைப் பிடித்திருக்கும் நட்டையும் தின்றுவிடும். பாம்பனில் ஒரு வீட்டில் எர்த் குழி மூடியைத் திறந்து கம்பியைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதுவரை எர்த் இருப்பதாக நம்பித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் லேப்டாப்பைத் திறக்கும் முன் நான் பார்ப்பது இதைத்தான். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஃபேஸுக்கும் (கரன்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மீட்டரில் வருவது மட்டும் போதாது, குழியைத் திறந்து கண்ணாலும் பார்க்க வேண்டும்.

லேப்டாப்பிலோ மைக்கிலோ கை வைத்தால் சுருக்கென்று இருக்கிறதா? "அது சும்மா லேசாத்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சார்ஜரில் இருந்து வரும் அந்தச் சின்னக் கசிவு ஆளைக் கொல்லாதுதான். ஆனால் அந்தக் கருவிக்கு எர்த் வந்து சேரவில்லை என்பதை அது உங்களுக்குச் சொல்கிறது. நாளைக்கு ஆம்ப்ளிஃபயருக்குள் நிஜமாகவே ஒரு வயர் பாடியைத் தொட்டால், மின்சாரம் போவதற்கு இருக்கும் வழி கிட்டார் கம்பி, உங்கள் கை, நெஞ்சு, உதடு, மைக். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றால் மைக்கே தேவையில்லை.

அதனால் பெரிய முள்ளை உடைக்காதீர்கள். இரண்டு முள் கன்வெர்ட்டர் போட்டு ஏமாற்றவும் வேண்டாம். இரைச்சல் வந்தால் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டில் இருந்து எடுங்கள். வழியில் ஏறும் இரைச்சலை அடக்கும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால், கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவே மாட்டும் டிஐ பாக்ஸ் ஒன்றை, கிரவுண்ட் லிஃப்ட் (ஒலி கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும் சுவிட்ச்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒலி கேபிளில் எர்த்தைப் பிரிப்பது முறையான வழி, மின்சாரக் கேபிளில் பிரிப்பது தற்கொலை. மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று அந்த அறைக்குக் கட்டாயம் வேண்டும். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். இந்த உப்புக் காற்றில் அதுவும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மைக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் கரையில் பல இரவுகள் அப்படித்தான். மெல்லிய ஓசையையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் படபடவென்று பொரிவது பெரும்பாலும் இந்த ஈரத்தால். பாடி முடித்ததும் ஸ்டாண்டிலேயே விடாமல் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள். ஏசி அறையில் குளிர்ந்த மைக்கை உடனே வெளியே கொண்டுவந்தால் வேர்க்கும். உண்மையைச் சொன்னால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மேடையில் பாடப் பயன்படுத்தும் வகையான நல்ல டைனமிக் மைக்கே போதும். ஈரத்தைத் தாங்கும், விடிகாலை வல்லத்து இன்ஜின் சத்தத்தையும் குறைவாகவே பிடிக்கும்.

சுவருக்கு என்ன செய்வது என்றால், கனமீட்டருக்கு 48 கிலோ அல்லது 64 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூலை (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) நாலடிக்கு இரண்டடி மரச்சட்டத்தில் அடைத்துப் பருத்தித் துணி போர்த்துங்கள். ராக்வூல் எரியாது. ஆனால் அதைத் தொடும்போது கையுறையும் மாஸ்க்கும் வேண்டும். சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் அடி ஓசை கூடுதலாக அடங்கும், உப்புச் சுவருக்கும் காற்றோட்டம் கிடைக்கும். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, மூலைகளில் கொஞ்சம். அறை முழுக்க வேண்டாம். அதற்கும் காசு இல்லாவிட்டால், துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள்.

ஏற்கெனவே ஃபோம் ஒட்டியவர்கள் முதலில் கூரையில் இருப்பதையும் பிளக் பாயின்ட்டைச் சுற்றி இருப்பதையும் பிய்த்து எடுங்கள், மற்றவற்றை அப்புறம் பார்க்கலாம். அறைக்கு வெளியே கைக்கெட்டும் இடத்தில் ஒரு மெயின் சுவிட்சும், மின்சாரத் தீக்கு ஏற்ற கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானும் இருக்கட்டும். உள்ளே தாழ்ப்பாள் வேண்டாம். பாடுகிறவர் காதில் ஹெட்ஃபோன் போட்டிருப்பார், வெளியே யார் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அதனால் ரெக்கார்டிங் தொடங்கும்போது வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் உரிமையையும் அவருக்குக் கொடுங்கள். ஒரு டேக் கெட்டுப்போனால் திரும்பப் பாடிக்கொள்ளலாம்.