தள்ளினால் நிற்கும் வண்டி, இழுத்தால் ஏறுவது ஏன்?

தெருவில் பேவர் பிளாக் பதிக்க வந்த தொழிலாளர்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு வருவதையும், சக்கரம் ஒரு விளிம்பில் முட்டியதும் வண்டியைத் திருப்பிப் பின்புறமாக இழுத்து மேலேற்றுவதையும் பார்த்த வாசகர் ஒருவர், "ஏற வேண்டிய உயரம் ஒன்றுதான், சுமையும் ஒன்றுதான், பிறகு திருப்புவதில் என்ன லாபம்?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால், நல்ல தள்ளுவண்டியை எப்படி வடிவமைப்பது என்பதில் பாதி விளங்கிவிடும்.

தள்ளுவண்டி இரண்டாம் வகை நெம்புகோல் என்பது பள்ளிப் பாடம். ஆதாரம் சக்கரத்தின் அச்சு, சுமை நடுவில், கை கடைசியில். கணக்குக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 6 செ.மீ. தடிமன் உள்ள பிளாக் ஒன்று ஏறத்தாழ 2.9 கிலோ இருக்கும். 45 பிளாக்குகளை அடுக்கினால் 130 கிலோ. வண்டியின் எடை 20 கிலோவையும் சேர்த்து 150 என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சுமையின் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 45 செ.மீ. தொலைவிலும், கைப்பிடி 135 செ.மீ. தொலைவிலும் இருந்தால், தூக்குபவருக்கு மூன்றில் ஒரு பங்கான 50 கிலோவும் சக்கரத்துக்கு 100 கிலோவும் போகும். (விசையையும் கிலோவிலேயே சொல்கிறேன்; நியூட்டன் வேண்டுவோர் 9.8ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.)

இனி விளிம்புக்கு வருவோம். சக்கரத்தின் ஆரம் 20 செ.மீ., விளிம்பின் உயரம் 4 செ.மீ. என்றால், சக்கரம் விளிம்பைத் தொடும் புள்ளியிலிருந்து அச்சு 16 செ.மீ. மேலேயும் 12 செ.மீ. பின்னாலும் நிற்கும், பிதாகரஸ் தேற்றம் 12, 16, 20 என்று அழகாகப் பொருந்துகிறது. அந்தப் புள்ளியைச் சுற்றிச் சக்கரம் உருண்டு ஏற வேண்டுமானால், சக்கரத்தின் மேல் அழுத்தும் எடையில் முக்கால் பங்கு கிடைமட்ட விசை தேவை. சக்கரத்தின் மேல் 100 கிலோ இருப்பதால் 75 கிலோ விசை போதும் என்று தோன்றும். தள்ளினாலும் இழுத்தாலும் அதே 75தான் என்றும் தோன்றும்.

அப்படி இல்லை என்பதில்தான் இந்த வண்டியின் அழகு இருக்கிறது. தள்ளுபவரின் கை அச்சின் மட்டத்தில் இல்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 65 செ.மீ. உயரத்தில், அதாவது அச்சுக்கு 45 செ.மீ. மேலே இருக்கிறது. அச்சுக்கு மேலே ஓர் இடத்தைப் பிடித்து முன்னோக்கித் தள்ளும்போது, அந்த விசை வண்டியை நகர்த்துவதோடு நிற்காமல், அதை மூக்குக் குப்புறக் கவிழ்க்கவும் முனைகிறது. கைப்பிடி தானாகவே மேலெழப் பார்ப்பதால் தூக்குபவரின் பாரம் குறைகிறது. ஆனால் குறைந்த பாரம் காற்றில் கரைந்துவிடாமல் சக்கரத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சக்கரம் கனத்ததால் மேலும் பலமாகத் தள்ள வேண்டும். மேலும் தள்ளினால் சக்கரம் மேலும் கனக்கும். இந்தத் துரத்தல் எங்கே முடியும் என்று திருப்புத்திறன் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், சக்கரத்தின் மேல் 133 கிலோவும் தள்ளும் விசை 100 கிலோவுமாக இருக்கும்போதுதான் வண்டி ஏறுகிறது.

திருப்பி இழுக்கும்போது எல்லாம் தலைகீழாகிறது. இழுவிசை கைப்பிடியைக் கீழே அமுக்கப் பார்க்கும்; அதைத் தாங்கிப் பிடிக்கும் தொழிலாளியின் கைக்கு 50 கிலோவுக்குப் பதில் 70 கிலோ வரும்; சக்கரத்தின் மேல் 80 கிலோதான் மிஞ்சும். அதன் முக்கால் பங்கு 60. அதே வண்டி, அதே சுமை, அதே விளிம்பு. ஒரு பக்கம் 100, மறுபக்கம் 60. தாளில் பென்சிலை வைத்து இதைப் போட்டுப் பார்க்காமலே, உள்ளங்கையால் கண்டறிந்து வைத்திருக்கிறார்கள் அந்தத் தொழிலாளர்கள்.

இதிலிருந்து வடிவமைப்புக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. சக்கரத்தின் ஆரத்தை 20 செ.மீ.யிலிருந்து 25 ஆக்கினால் விளிம்பு ஏறுவது எளிதாகும் என்பது யாருக்கும் தெரியும். அச்சும் 5 செ.மீ. உயர்ந்து கையின் மட்டத்தை நெருங்குவதால், மேலே சொன்ன துரத்தலும் தளர்கிறது என்பது பலருக்குத் தோன்றாது. இரண்டும் சேர்ந்து, தள்ளும் விசை 100 கிலோவிலிருந்து ஏறத்தாழ 80 ஆகக் குறைகிறது. ஆனால் பெரிய சக்கரத்துக்கு இடம்விட வேண்டுமானால் தொட்டியைப் பின்னால் நகர்த்த வேண்டும் அல்லது மேலே தூக்க வேண்டும். பின்னால் நகர்த்தினால் கையில் பாரம் கூடும். மேலே தூக்கினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, பக்கவாட்டில் சாயும்.

பழைய சீன வண்டிகளில் ஏறத்தாழ மூன்றடி விட்டமுள்ள சக்கரத்தை நடுவில் வைத்து, சுமையை அதன் இருபுறமும் ஏற்றினார்கள். கையில் பாரமே இராது என்பதால் நெடுந்தூரச் சாலைக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் கான்கிரீட் கலவையை முன்பக்கமாகக் கவிழ்த்துக் கொட்ட அதில் வழியில்லை. கட்டட வேலையில் கொட்டுவது பாதி வேலை. இரட்டைச் சக்கரம் வைத்தால் சாயாதே என்பார்கள், சமதளத்தில் உண்மைதான். பக்கவாட்டில் சரிந்த தரையில் அந்த வண்டியும் தரையோடு சேர்ந்து சரியும். ஒற்றைச் சக்கர வண்டியையோ, தள்ளுபவர் தம் கையாலேயே மட்டமாகப் பிடித்துக்கொள்ளலாம். சாரப்பலகை மேல் போகவும் ஒற்றைச் சக்கரம்தான் உதவும்.

சேற்றில் புதைவது வேறு சிக்கல். 1974இல் பிரிட்டனில் ஜேம்ஸ் டைசன் சக்கரத்தை எடுத்துவிட்டு, காற்றடைத்த பிளாஸ்டிக் பந்து ஒன்றைப் பொருத்திய 'பால்பேரோ'வைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பந்து புதையப் புதைய அதன் அகலமான பகுதி மண்ணைத் தொடுவதால் அழுத்தம் குறைந்து, மேற்கொண்டு புதையாமல் நின்றுவிடும்.

சிறு கற்களுக்குக் காற்றடைத்த டயரே போதும். கல்லைத் தன் உடம்புக்குள் வாங்கிக்கொண்டு, அச்சை உயரவிடாமல் கடந்துவிடும். நம் ஊரில் ஆயுத பூஜையன்று இந்த வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் தவறாமல் வைக்கிறார்கள்; டயருக்குக் காற்றடிப்பதை மட்டும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. தள்ளுவண்டிக் கைப்பிடியின் உயரத்தைப் பற்றி ஆராய நிதி கேட்டால் குழுவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சில சென்டிமீட்டரை நாள் முழுவதும் முதுகால் சுமப்பவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சமல்லர். கலவைச் சட்டியைத் தலையில் சுமக்கும் சித்தாளின் உயரத்துக்கு ஏற்ற வண்டியை யாரும் வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

விளிம்பு உயரமாக இருக்கும் இடங்களில் இரண்டாம் ஆள் ஒருவர் முன்னால் நின்று கயிறு கட்டி இழுப்பதும் உண்டு. கயிற்றைத் தொட்டியின் மேல்விளிம்பில் கட்டிக் கிடைமட்டமாக இழுத்தால், அதுவும் அச்சுக்கு மேலே முன்னோக்கி இழுப்பதுதான். வண்டி குப்புறக் கவிழப் பார்த்து, சக்கரம் கனக்கும். அச்சின் இரு முனைகளிலும் கட்டி, சற்று மேல்நோக்கி இழுத்தால், விசையில் ஒரு பங்கு சக்கரத்தையே தூக்கிவிடும். அதற்கு அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு கொக்கிகளைப் பற்றவைத்தால் போதும்.