ஹம்: தமிழில் முரலொலி

வீட்டிலேயே வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிடார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சூடேறி, கிடாரில் கை வைப்பதற்கு முன்பே ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒன்று கிளம்புமே, அதுதான் ஹம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சுருதியில், ஆம்ப்பை அணைக்கும்வரை நிற்கும் தாழ்ந்த ஒலி. வீட்டு மின்சாரத்தின் அலைவு எங்கேயோ சிக்னலுக்குள் கசிகிறது என்று பொருள்.

ஆங்கிலத்தில் இது ஒலிக்குறிப்புச் சொல். உதட்டை மூடி மூக்கால் ஒலித்தால் என்ன வருமோ, அதையே சொல்லாக்கிவிட்டார்கள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுத்தில் ஏறிவிட்டது. ஜெர்மனியில் ‘ஹும்மல்’, டச்சில் ‘ஹொம்மல்’ இரண்டுமே பருத்த ஒரு வகை வண்டின் பெயர். வண்டுக்கும் வாய்மூடிப் பாடுவதற்கும் இருந்த சொல், மின்சாரம் வந்தபின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் போய்ச் சேர்ந்தது.

தமிழும் வண்டிடம்தான் போயிருக்கிறது. வண்டு முரலும், வண்டு இமிரும். பழந்தமிழில் வண்டுக்கே ஞிமிறு என்று ஒரு பெயர் உண்டு. முரல், இமிர், ஞிமிறு மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், மூன்றிலும் உதடு மூடும்.

சரி, ஆம்ப்பின் ஹம்முக்கு இவற்றில் எதை எடுப்பது? பலரும் ‘இரைச்சல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வேண்டாத ஒலி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். மழை இரையும், கடல் இரையும். அவற்றில் இதுதான் சுருதி என்று ஒன்றைப் பிடிக்க முடியாது. ஹம்முக்குச் சுருதி உண்டு, கோளாறைக் கண்டுபிடிக்க உதவுவதும் அதுதான். ‘ரீங்காரம்’ பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் அதில் இனிமை ஏறிவிட்டது. ரீங்காரத்தை ஒழிக்க யாரும் ஸ்க்ரூ டிரைவர் எடுப்பதில்லை. ‘உறுமல்’ என்றால் கோபம் வந்துவிடுகிறது, ஏறி இறங்கவும் செய்யும். ‘ஹம்மிங்’கைச் சினிமாப் பாட்டு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது, “என் ஆம்ப் ஹம்மிங் பண்ணுது” என்றால் பாராட்டுபோலக் கேட்கிறது. மிஞ்சுவது முரல். யாழும் முரலும் என்பதால் அதில் சுருதி உள்ளேயே இருக்கிறது. எனவே முரலொலி என்பது என் கட்சி.

சுருதியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், என் முதல் ஆம்ப்பில் அதைக் கவனிக்காமல் இரண்டு முறை ஃபில்டர் கெப்பாசிட்டர்களை (பவர் சப்ளையின் அலைவைத் தட்டையாக்கும் பாகங்களை) மாற்றினேன். முரலொலி அப்படியே இருந்தது. அப்புறம்தான் கையில் இருந்த கிடாரே அளவுகோல் என்று உறைத்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் முழு அலை ரெக்டிஃபையரைத் தாண்டி மிஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ். கிடாரின் தடித்த ஆறாவது கம்பியில் மூன்றாம் கட்டை (ஃப்ரெட்) 98 ஹெர்ட்ஸ். அந்தக் கட்டையை மீட்டி ஆம்ப்பின் ஒலியோடு சேர்த்துக் கேட்டால் இரண்டும் உரசி, வினாடிக்கு இரண்டு தரம் துடிக்கும். அப்படித் துடித்தால் பவர் சப்ளையைப் பாருங்கள், கெப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் ஹீட்டர் வயர் (வால்வைச் சூடாக்கும் மின்சாரம் ஓடும் வயர்), அல்லது எர்த் இணைப்பு. (60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இந்த மூன்றாம் கட்டைக் கணக்கு எடுபடாது. அங்கே 120 என்பது ஆறாம் கட்டைக்கும் ஏழாம் கட்டைக்கும் நடுவில் விழும்.)

எனக்குக் கீழ் ஸ்தாயி கேட்டது. திறந்து பார்த்தால், ஹீட்டர் வயர் இரண்டும் முறுக்கப்படாமல், முதல் வால்வுக்குள் சிக்னலைக் கொண்டுபோகும் கிரிட் வயருக்குப் பக்கத்திலேயே நீட்டிப் படுத்திருந்தன. ஒரு இஎல்34 வால்வின் ஹீட்டர் மட்டுமே 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கும். கிடாரிலிருந்து வரும் சிக்னலோ மில்லிவோல்ட் கணக்கு. பிறகு முரலாமல் என்ன செய்யும்? இரண்டையும் இறுக்க முறுக்கி, சேஸியின் (ஆம்ப்பின் உலோகச் சட்டத்தின்) மூலையோரமாக ஓட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் எர்த்துக்கு ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் வைத்தேன். காதை ஸ்பீக்கர் துணியில் வைத்தால்தான் கேட்கும் அளவுக்கு அடங்கியது. உள்ளே கை விடுவதற்கு முன் ஒன்று: அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அதை வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

முரலொலி அல்லாத மற்றவற்றுக்கும் பெயர் வேண்டுமே. இங்கே தமிழின் இரட்டைக்கிளவி வேறு எதையும்விட நன்றாக வேலை செய்கிறது. முரலொலியோடு கூர்மையாக ‘ஜிர்ர்’ சேர்ந்தால் கரகரப்பு. கெப்பாசிட்டர் நிரம்பும் மின்னோட்டம் தவறான எர்த் வழியாகப் போகிறது என்று சந்தேகிக்கலாம். பென்சிலால் வால்வைத் தட்டும்போது மணிபோல ஒலித்தால் கணகணப்பு, வால்வின் உள்ளுறுப்பு ஆடுகிறது. விட்டுவிட்டு வெடித்தால் படபடப்பு. சால்டர் பிடிக்காத இடம், அல்லது பழைய ரெசிஸ்டர். பாம்புபோல ‘ஸ்ஸ்’ என்றால் சீறல். இதில் ஒரு பங்கை யாராலும் ஒழிக்க முடியாது. ரெசிஸ்டருக்குள் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதே அந்தச் சீறல் என்று 1928இல் ஜான்சன் என்ற இயற்பியலாளர் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் என்ற பொறியாளர் கணக்குப் போட்டு விளக்கினார்.

இந்தச் சொல்லின் ஒரு வாரிசு கிடாரிலேயே உட்கார்ந்திருக்கிறது: ஹம்பக்கர். ‘பக்’ என்றால் எதிர்த்துத் தள்ளுவது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) அது. இரண்டு சுருள்கள், காந்தமுனையும் மின்னிணைப்பும் ஒன்றுக்கொன்று எதிர். கம்பியின் ஒலி கூடும், வெளியிலிருந்து வரும் ஹம் கழியும். தமிழில் ‘முரல்முறி’ என்று சொல்லிப் பார்க்கிறேன், காதுக்கு உறுத்தவில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஆம்ப்பைக் கழற்றுவதற்கு முன் கிடாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒலி கூடிக் குறைந்தால், முரல்வது ஆம்ப் அல்ல, கிடார்.