"வயிற்றுவலின்னு எழுதிக் கொடுத்துடுங்க, டாக்டர்"

குன்னூரில் மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு, டிஸ்சார்ஜ் நாளில் அடிக்கடி வரும் வேண்டுகோள் இது. போன மழைக்காலத்தில் கேட்டவர் கோவையில் வேலை பார்க்கும் ஒரு மகன். கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோரையும் சேர்த்திருந்தார். அப்பா கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயி. மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. பறித்த பச்சைத் தேயிலையை எடை போட வண்டி வந்து நின்றாலும் வாசலுக்கு வரமாட்டார். கடுமையான மனச்சோர்வு. பதினோரு நாள் வார்டில் இருந்து தேறினார்.

ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி மறுக்கப்பட்டது. 'மனநோய் சிகிச்சை பாலிசியில் அடங்காது' என்று ஒரே வரியில் பதில். அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று மகன் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தார்.

நான் மாற்றி எழுதவில்லை. பொய்யான டிஸ்சார்ஜ் சம்மரி இன்று பணம் வாங்கித் தரலாம். நாளை உண்மை தெரிந்தால், மறைத்ததாகச் சொல்லி மொத்தப் பாலிசிக்கும் ஆபத்து. அதைவிட, அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அவருடைய நோயே தெரியாமல் போகும்.

பொய்க்குத் தேவையும் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எல்லாப் பாலிசிகளையும் 2022 அக்டோபர் 31-க்குள் இதற்கு ஏற்ப மாற்றும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவும் போட்டது. பாலிசி எடுத்துக் குறிப்பிட்ட காலம் கழித்தே பணம் என்கிற காத்திருப்புக் காலம் போன்ற நிபந்தனைகள் இதற்கும் உண்டு. ஆனால் மனநோய் என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது.

அப்படி மறுத்தால், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ஒரு வருடத்துக்குள், இத்தகைய புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அந்த மகன் எழுதினார், நானும் ஒரு கடிதம் கொடுத்தேன். ஆம்புட்ஸ்மேன் வரை போகாமலே பணம் வந்தது.

சரி, அதோடு முடிந்ததா? மனநோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் வார்டில் நடப்பதில்லை, மாதாமாதம் ஓ.பி.யில் நடக்கிறது. உடல்நோய்க்கும் ஓ.பி. செலவைப் பல பாலிசிகள் தருவதில்லை என்பதால், சட்டப்படி இது பாகுபாடே ஆகாது. ஆனால் அடி விழுவது எங்கள் நோயாளிகள் மேல்தான். ஓ.பி. கவர் கட்டாயமாக வேண்டும். கம்பெனிகளில் குரூப் பாலிசியைப் புதுப்பிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள், இந்த வருடமே அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த அப்பாவுக்கு இன்னும் பல மாதம் மாத்திரை வேண்டும். ஒவ்வொரு மாதமும் தோட்ட வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, கைக்காசு போட்டுத்தான் வருகிறார்.